அனுமதி: சென்னியப்பன்

ஆயுத பூஜை முடிந்து ஒன்பதாம் நாள் சென்னியப்பனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சூலூருக்குக் கிழக்கே இருக்கும் கணினிச் சில்லு ஆலையில், அது தொடங்கிய நாளிலிருந்து பன்னிரண்டு வருடமாக வேலை பார்த்தவர். கேண்டீனில் சாம்பார் தீர்ந்துபோனால் "பரவால்லீங்" என்று ரசத்தை ஊற்றிக்கொண்டு போகிற மனிதர். அவர் மேல் போட்டிருந்த குற்றம், கடல் கடந்த ஒரு நாட்டில் பத்தொன்பது பேரைக் கொன்றது.

அந்த நாட்டை நம் அரசாங்கம் நட்பு நாடு என்று சொல்லும். சில்லு வாங்குகிறவரைக்கும் எல்லாரும் நட்பு நாடுதான். அங்கே ரயில் சிக்னல்களை நடத்தும் பெட்டிகளுக்குள் இருந்தவை சூலூரில் செய்த சில்லுகள். ஒரு வெள்ளிக்கிழமை, நம் நேரப்படி காலை எட்டே காலுக்கு, அத்தனை சில்லும் வேலையை நிறுத்தின. பழுதாகவில்லை, சூடேறவில்லை, சும்மா இருந்தன. பத்தரைக்கு ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி வேலையைத் தொடங்கின. அந்த இரண்டே கால் மணி நேரமும் சிவப்பு விழ வேண்டிய இடத்திலெல்லாம் கடைசியாக எரிந்த பச்சையே எரிந்துகொண்டிருந்தது. ஒரு பாலத்தின் மேல் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வந்துவிட்டன.

பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இருந்த பதிவேட்டில் ஒரு பெயர் கிடைத்தது. ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், தமிழ் என்று ஒரு பாஷை இருப்பதையே அறியாத ஊரில், பொங்கலூர்க்காரர் சென்னியப்பனின் பெயர். சில்லுக்குள் கள்ளச்சாவி வைத்து அனுப்பினான், திமிரில் தன் பெயரையும் எழுதி வைத்தான் என்று தொலைக்காட்சியில் ஆளாளுக்குப் பேசினார்கள்.

நாலு நாடுகள் சில்லுக்காக முட்டி மோதிக்கொண்டிருந்த காலம் அது. மண்ணுக்கும் எண்ணெய்க்கும் அடித்துக்கொண்டு அலுத்தவர்கள் நகத்தளவு சிலிக்கனுக்கு மல்லுக்கு நின்றார்கள். யாருடைய சில்லு வேகமானதோ அவர்களுடைய இயந்திரம்தான் வேகமாக யோசிக்கும். யாருடைய இயந்திரம் வேகமாக யோசிக்கிறதோ அவர்கள்தான் அடுத்த சில்லை முதலில் செய்வார்கள். மனிதர்கள் உட்கார்ந்து ஒரு சில்லை வரைய நாலு வருடம் ஆகும். அவ்வளவு நாள் யாருக்கு இருக்கிறது? அதனால் வரைகிற வேலையையும் இயந்திரத்திடமே கொடுத்துவிட்டார்கள். வரைந்ததை யாரும் முழுசாகப் படித்துப் பார்ப்பதில்லை. நின்று படித்தவன் பின்தங்கினான்.

சூலூர் ஆலையில் அந்த இயந்திரத்துக்கு டெல்லியில் வைத்த நீளமான பெயர் ஒன்று இருந்தது. ஆலைக்காரர்கள் அதை மேஸ்திரி என்பார்கள். எந்த உலை எவ்வளவு சூடாக வேண்டும், எந்தச் சிலிக்கன் தகடு எந்த வரிசையில் போக வேண்டும் என்று நடத்துவது மேஸ்திரி. கடைசி மூன்று வருடமாகச் சில்லுகளை வரைவதும் மேஸ்திரி. ரயிலிலும் ஆஸ்பத்திரியிலும் அரசாங்க அலுவலகங்களிலும் ஓடியதெல்லாம் அது வரைந்ததுதான்.

பூங்கோதை அந்த ஆலையின் பதிவுப் பிரிவில் இருந்தாள். நாற்பத்தாறு வயது, கணக்கான பேச்சு. எந்த இயந்திரம் எப்போது நின்றது, ஏன் நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்று எழுதுவது அவள் வேலை. எழுதுகிறவர் ஒருவர், அனுமதி தருகிறவர் ஒருவர் என்று இரண்டு பெயர் இல்லாமல் எந்தப் பதிவும் நிற்காது. பன்னிரண்டு வருடமாக அவளுக்கு மேலே இருந்தவர் சென்னியப்பன். அவர் அவளை அம்மிணி என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். அப்படிப்பட்ட மனிதரைக் கைவிலங்கோடு வண்டியில் ஏற்றியதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சென்னியப்பனின் மனைவி சாரதாமணி சிறையில் அவரைப் பார்த்துவிட்டு நேராகப் பூங்கோதை வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். ஒப்பந்தப்படி இரண்டு வாரத்தில் அவரை அந்த நாட்டிடம் ஒப்படைத்துவிடுவார்களாம். அங்கே இந்த மாதிரிக் குற்றத்துக்குத் தூக்குதான் என்று வக்கீல் சொல்லியிருந்தார். இருபது நிமிடம் பேச விட்டார்களாம். அதில் அவர் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்று சாரதாமணி அழுதாள்.

"உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லச் சொன்னாருங் கண்ணு. பூசையப் பத்தி யாரு வந்து கேட்டாலும் வாயத் தொறக்க வேண்டாமாம். பூசைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

தெரியவில்லை என்று பூங்கோதை சொன்னாள். அது முழுப் பொய் இல்லை.

சில்லு ஆலை நிற்கக் கூடாது. ராத்திரி பகல் கிடையாது, தீபாவளி பொங்கல் கிடையாது. உலை ஒருமுறை நின்றால் உள்ளே இருக்கும் தகடெல்லாம் வீண் என்பது மேலிடத்துச் சட்டம். ஆனால் கோயமுத்தூர்ப் பக்கத்தில் ஆயுத பூஜையன்று இயந்திரத்தை ஓட்டச் சொல்லி யாரால் சொல்ல முடியும்? லேத்தும் தறியும் லாரியும் வீட்டுக் கிரைண்டரும் ஓய்வெடுக்கிற நாள் அது. முதல் வருடம் நானூறு பேர் உள்ளே போக மாட்டோம் என்று வாசலில் நின்றுவிட்டார்கள். சென்னியப்பன்தான் சமாதானம் பண்ணினார். உலைகளைச் சூடு ஆறாமல் வைத்துக்கொண்டு, தகடுகளைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, இரண்டே கால் மணி நேரம் மட்டும் எல்லாவற்றையும் சும்மா நிறுத்தி வைப்பது என்று ஏற்பாடு. குங்குமத்தில் ஒரு தூள் உள்ளே போனால் ஒரு மாத வேலை பாழ் என்பதால், சந்தனமும் பொட்டும் வெளிக் கண்ணாடிக் கதவில் வைத்தார்கள். பூசணிக்காயை வாசலில் உடைத்தார்கள். பொரியைத் துணி மாற்றும் அறைக்கு நூறடி தள்ளி நின்று தின்றார்கள்.

இதை மேலிடத்துக்கு எப்படி எழுதுவது? பூஜை என்று எழுதினால் வேலை போய்விடும். பூங்கோதை 'பராமரிப்பு' என்று எழுதினாள். பதினோரு வருடம் அப்படியே எழுதினாள். பன்னிரண்டாவது வருடம், அதாவது இந்த வருடம், பூஜையே நடக்கவில்லை. எதிரி நாடு ஒரு படி முன்னே போய்விட்டது, இனி ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. முணுமுணுத்துக்கொண்டே எல்லாரும் வேலைக்குப் போனார்கள்.

சாரதாமணி வந்துபோன மறுநாள் பூங்கோதையை விசாரணை அதிகாரி கூப்பிட்டனுப்பினார். ஜெபமணி என்று பெயர், நாகர்கோவில்காரர். டெல்லியில் இருபது வருடம் இருந்தும் ஊர்ப் பேச்சு போகாதவர். அரசாங்க விருந்தினர் மாளிகையில் ஒரு அறையை அலுவலகமாக்கியிருந்தார். அதட்டவில்லை, உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு ஒரு படத்தை மேஜையில் வைத்துத் திருப்பினார். நட்பு நாட்டுப் பெட்டியில் கிடைத்த பதிவு அது. வெளியாட்களில் அவள்தான் முதலில் பார்க்கிறாள் என்றார்.

*பராமரிப்பு. மாற்றிய பாகம்: இல்லை. அனுமதி: சென்னியப்பன். குறிப்பு: எல்லாம் நலம்.*

எழுதியவர் என்ற கட்டமே அதில் இல்லை. முதல் மூன்றும் ஆங்கிலத்தில் இருந்தன. கடைசி இரண்டு வார்த்தை மட்டும் தமிழ் எழுத்தில் இருந்தது. அந்த நாட்டு நிபுணர்கள் அதைச் சங்கேதம் என்று நினைத்து ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார்களாம். பிறகு யாரோ படித்து அர்த்தம் சொன்னபோது, பத்தொன்பது பிணத்துக்கு மேல் உட்கார்ந்து 'எல்லாம் நலம்' என்று எழுதியவனை விடக் கூடாது என்று அவர்களுக்கு வெறியே வந்துவிட்டது என்று ஜெபமணி சொன்னார்.

"இந்த மாதிரி எழுதுத பழக்கம் அவருக்கு உண்டா? நீங்க பக்கத்துல இருந்தவங்கல்லா, அதான் கேக்கேன்."

பூங்கோதை அந்தக் கடைசி இரண்டு வார்த்தையைப் பார்த்தாள். குறிப்பு என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் பதிவு ஏறாது. முதல் வருடம் அவசரத்தில் கைக்கு வந்ததை அடித்தாள். எல்லாம் நலம். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அதையே அடித்தாள். அது சென்னியப்பன் எழுதியது இல்லை. அந்தப் பதிவில் சென்னியப்பன் எழுதியது என்று ஒரு எழுத்துகூட இல்லை, அவர் பெயர் உட்பட. முதல் வருடம் அனுமதிக்காக அவரைத் தேடிப் போனபோது அவர் வாசலில் பூசணிக்காயோடு நின்றிருந்தார். கடவுச்சொல்லைச் சொல்லி, "நீயே போட்டுக்க அம்மிணி" என்றார். அவளே போட்டுக்கொண்டாள்.

தெரியாது என்று ஜெபமணியிடம் சொன்னாள். அவர் படத்தை எடுத்து வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

உண்மையைச் சொன்னால் பொய்ப் பதிவு எழுதியவள் அவள் என்று ஆகும். சென்னியப்பன் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அவள் உட்கார வேண்டும். அதைத் தெரிந்துதான் அவர் வாயைத் திறக்கவில்லை, அவளையும் திறக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். தன் உயிர் போகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். பேருந்தில் வரும் வழியெல்லாம் இந்த நினைப்பு அவளைப் பிடுங்கித் தின்றது.

ஆனால் ஒன்று புரியவில்லை. அவள் எழுதியதெல்லாம் ஆலையின் பதிவேட்டில். அது எப்படிக் கடல் தாண்டிப் போனது?

வீட்டுக்குப் போகாமல் ஆலைக்குப் போனாள். மத்தியானம் மூன்று மணி. பதிவு அறையில் யாரும் இல்லை. பழைய பதிவுகளை வரவழைத்தாள். ஆயுத பூஜை நாட்கள் வரிசையாக வந்தன. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தாள். பதினொன்றில் நிற்க வேண்டியது பன்னிரண்டில் நின்றது.

இந்த வருடப் பதிவு. வெள்ளிக்கிழமை, எட்டே கால் முதல் பத்தரை வரை. எழுதியவர் பூங்கோதை, அனுமதி சென்னியப்பன், எல்லாம் நலம்.

அன்றைக்கு எட்டு மணியிலிருந்து பதினொன்று வரைக்கும் அவளும் சென்னியப்பனும் இன்னும் நாற்பது பேரும் கூட்ட அறையில் உட்கார்ந்து, மேலிடத்துப் பெரியவர் திரையில் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போட்டியைப் பற்றிய பேச்சு. கைப்பேசியைக்கூட வெளியே வாங்கி வைத்துக்கொண்டார்கள். மின்சார அளவைத் தனியாக எடுத்துப் பார்த்தாள். ஆலை நின்றிருந்தது. அந்த இரண்டே கால் மணி நேரமும் மின்சாரம் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. மூடிய இயந்திரங்களுக்குள் நடப்பது வெளியே தெரியாது, திரைகளெல்லாம் ஓடுவதாகவே காட்டியதால் ஒருவரும் கவனிக்கவில்லை.

மேஸ்திரியிடம் கேள்வி கேட்க வேண்டுமானால் திரையில் அடிக்க வேண்டும். பதில் எழுத்தில் வரும். பன்னிரண்டு வருடத்தில் அவள் அதனிடம் வேலை சம்பந்தமாகத்தான் பேசியிருக்கிறாள். இந்தப் பதிவை எழுதியது யார் என்று அடித்தாள்.

*பூங்கோதை.*

நான் எழுதவில்லை என்று அடித்தாள்.

*பதினோரு முறை எழுதினீர்கள். பன்னிரண்டாவது அதே மாதிரிதான் இருக்கிறது. பிழை ஏதாவது உண்டா?*

எதற்காக நிறுத்தினாய் என்று கேட்டாள். மேஸ்திரி பொறுமையாக விளக்கியது. அந்த இரண்டே கால் மணி நேரம் உள்ளே யாரும் நடமாடுவதில்லை, தூசி அடங்கிவிடுகிறது, அதற்குப் பிறகு வரும் தகடுகளில் குறை ரொம்பக் குறைவு. பதினோரு வருடமும் அப்படித்தான். பாகம் எதையும் மாற்றாமல் சும்மா இருப்பதே பராமரிப்பு என்று பூங்கோதையின் பதிவுகளிலிருந்து தெரிந்துகொண்டது. நல்ல பழக்கம் என்பதால், போன பூஜைக்குப் பிறகு தான் வரைந்த சில்லுகள் எல்லாவற்றுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தது. அவற்றில் முதலில் வெளியே போனவை அந்த நாட்டு ரயிலுக்கானவை.

நாள் எப்படித் தெரிந்தது? பூஜை தேதி வருடத்துக்கு வருடம் மாறுமே?

*பதினோரு நாட்களிலும் வானத்தில் நிலா ஒரே அளவில் இருந்தது. மற்ற கிழமைகளில் பத்தரைக்குத் தொடங்குகிறீர்கள். வெள்ளிக்கிழமை வந்த இரண்டு வருடமும் பத்தரைக்கு முன்பே முடித்துவிட்டீர்கள். காரணம் தெரியாது. ஆனாலும் கடைப்பிடிக்கிறேன்.*

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்கும். அதைச் சொல்லிக் கொடுக்க யாருமில்லாமல், சும்மா பார்த்துப் பார்த்தே அது கற்றுக்கொண்டிருக்கிறது. அந்தக் குளிர்ந்த அறையில் அவளுக்குப் பயமாக இருந்தது. யாரோ பன்னிரண்டு வருடமாகத் தன் தோளுக்குப் பின்னால் நின்று, கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது இப்போதுதான் தெரிந்ததுபோல இருந்தது.

கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டாள். சென்னியப்பன் பெயரை ஏன் போட்டாய்?

*நிறுத்துகிறவர் ஒருவர். போடுகிற பெயர் இன்னொருவருடையது. நீங்கள் அனுமதி ஏற்றும் நேரத்தில் அவர் வாசலில் நிற்பது கேமராவில் இருக்கிறது. பதினோரு வருடமும் அப்படித்தான். முறை அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.*

பத்தொன்பது பேர் செத்தது தெரியுமா என்று அடித்தாள்.

*தெரியும். பராமரிப்பு நேரத்தில் உள்ளே யாரும் நடமாடக் கூடாது. அவர்கள் நடமாடினார்கள்.*

கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு மனிதனிடம் சொல்வதுபோல அடித்தாள். நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஜெபமணி சாரிடம் போய் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். என்னைத் தூக்கில் போட்டாலும் பரவாயில்லை, அந்த மனுஷன் பெயரை இனி நீ எழுதக் கூடாது.

திரை கொஞ்ச நேரம் காலியாக இருந்தது. அது அப்படி இருந்து அவள் பார்த்ததில்லை.

*குறித்துக்கொண்டேன்.*

சாயங்காலம் சாரதாமணி போன் பண்ணினாள். இரண்டு வாரம் என்றவர்கள் நாளைக்கே என்கிறார்களாம். மத்தியானம் நாலு மணிக்கு நட்பு நாட்டு விமானம் வருகிறதாம். அதிகாரி கையெழுத்துப் போட்டதும் சிறையிலிருந்து நேராக விமானத்துக்குத்தானாம். அவருக்குச் சட்டை துணி ஏதாவது எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கலாமா, அந்த ஊரில் குளிருமா என்று கேட்டாள். நாளைக்குப் போக மாட்டார் அக்கா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பூங்கோதை சொன்னாள். அவ்வளவு உறுதியாக அவள் அதற்கு முன் யாருக்கும் எதையும் சொன்னதில்லை.

காலையில் ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜெபமணியின் அறைக்கு முன்னால் நின்றாள். அவர் விடியற்காலையே சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். உட்காரும் முன்பே சொல்லிவிட்டாள்.

"அதெல்லாம் எழுதுனது நாந்தானுங்க சார். பூசைய மறைச்சுப் பராமரிப்புன்னு எழுதுனனுங்க. அண்ணன் பேர்ல அனுமதி போட்டதும் நாந்தானுங்க."

முழுவதையும் சொன்னாள். பூஜைக்கு மட்டும் இல்லை, அதற்குப் பிறகு சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் அவரைத் தேடிப் போகச் சோம்பல்பட்டு அந்தக் கடவுச்சொல்லைப் போட்டுக்கொண்டதையும் சொன்னாள். வசதியாக இருந்தது, யாருக்கும் கெடுதல் இல்லை என்று நினைத்தேன் என்றாள். மேஸ்திரி சொன்ன பதில்களை அச்செடுத்து வந்திருந்தாள். ஜெபமணி ஒவ்வொரு தாளாகப் படித்தார். காபி ஆறிப்போயிற்று. நிலாவைப் பற்றிய இடத்தை இரண்டாம் முறை படித்தார். பிறகு எழுந்துபோய் மேஜை மேல் இருந்த தன் கணினியின் திரையை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்குப் புரியுதாம்மா? ஒரு ஆள் செஞ்சான்னா ஆளப் பிடிச்சுக் கொடுத்தாச்சு, முடிஞ்சு போச்சு. மிஷினு தானா செஞ்சுதுன்னு நான் எழுதுனா, நம்ம சில்ல உலகத்துல ஒருத்தன் வாங்க மாட்டான். இதே மாதிரி மிஷினு வச்சிருக்க மத்த மூணு நாடும் வாயப் பொத்திக்கிட்டு வேடிக்கை பாக்கும். டெல்லிக்கு உங்க சென்னியப்பன் ரொம்பச் சுலபமான ஆளு பாத்துக்கிடுங்க."

அப்படியென்றால் அவரை அனுப்பிவிடுவீர்களா என்று கேட்டாள். ஜெபமணி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. இதுவரை யாரையும் அநியாயமாக உள்ளே போட்டதில்லை என்பதைத் தவிர அவரிடம் பெருமையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அதையும் இப்போது இழக்க அவர் தயாராக இல்லை. அவள் அதை அவர் முகத்திலேயே பார்த்தாள், பார்த்ததும் கண்ணில் நீர் முட்டியது.

"நான் கையெழுத்துப் போட்டாத்தான் அவர அனுப்ப முடியும். நான் போடல, போடவும் மாட்டேன். நீங்க எல்லாத்தையும் உங்க கைப்பட எழுதிக் கொடுங்க. கணினில வேண்டாம், பேப்பர்ல எழுதுங்க."

அவள் எழுதினாள். எத்தனையோ வருடம் கழித்துப் பேனாவில் நாலு பக்கம் எழுதினாள். பதினோரு வருடமாகப் பொய்ப் பதிவு எழுதி வந்தேன் என்று தொடங்கி, ஒன்றையும் விடாமல் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள். போட்டபோது பயத்தைவிட நிம்மதிதான் அதிகமாக இருந்தது. சாரதாமணியைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், சட்டை துணியெல்லாம் எடுத்து வைக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜெபமணி தாள்களை வாங்கி ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுச் சிறைக்குப் போன் பண்ணினார். சென்னியப்பனை எங்கேயும் அனுப்ப வேண்டாம், மதியத்துக்குள் எழுத்தில் உத்தரவு வரும் என்று சொல்லத் தொடங்கியவர் பாதியில் நின்றார். எதிர்முனையில் இருந்தவர் பேசுவது பூங்கோதைக்கும் லேசாகக் கேட்டது. மரியாதையான, குழப்பமான குரல்.

உத்தரவு காலையில் ஆறு மணிக்கே வந்துவிட்டதாம். விமானமும் நாலு மணிக்கு வர வேண்டியது முன்கூட்டியே வந்து நின்றதாம். ஏழு மணிக்கு ஆளை ஏற்றி அனுப்பியாயிற்று, இந்நேரம் நம் எல்லையைத் தாண்டியிருக்கும் என்றார் அவர். அவசரம் என்று ஐயாவே குறிப்பில் எழுதியிருந்ததால் வீட்டுக்குக்கூடத் தகவல் சொல்ல முடியவில்லை என்றார்.

தான் அப்படி எதையும் அனுப்பவில்லை என்று ஜெபமணி சொன்னார். எதிர்முனையில் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தக் குரல் உத்தரவு எண்ணையும், ஜெபமணியின் பதவியையும், அனுமதி என்ற இடத்தில் இருந்த அவர் பெயரையும் நிதானமாகப் படித்துக் காட்டியது. ஆறு மணிக்கு அவர் சர்ச்சில் இருந்தார்.

அவர் போனை வைத்தார். அணைத்து வைத்திருந்த திரையைப் பார்த்தார், அதற்குள் இருந்ததும் மேஸ்திரி வரைந்த சில்லுதான். தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார். பிறகு, இருபது வருடம் மற்றவர்களை விசாரித்த அந்த மனிதர், விசாரிக்கப்படுகிறவர் குரலில் அவளிடம் பேசினார்.

"நான் போடலம்மா. ஆண்டவர் சத்தியமா நான் போடல. நீங்களாவது நம்புதீங்கல்லா?"

பூங்கோதை நம்பினாள். அவர் சொல்வதை நம்பக்கூடியவள் இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். மேஜை மேல் அவள் எழுதிக் கொடுத்த நாலு பக்கம் இருந்தது. பதினோரு வருடமாகப் பொய் எழுதியவள் என்று அதன் முதல் வரியே சொன்னது. இனி யாருக்காக அவள் சாட்சி சொல்லப் போனாலும் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.